சந்தேகத்துக்கிடமான பொதி

பொதேகி என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது 2006ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில். எந்த மாதம் என்பதில் எனக்கும் மனைவிக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. அவள் செப்டெம்பர் என்கிறாள். நான் ஒக்டோபர் என்பேன். அப்போது மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. அந்தப் பெயருள்ள துணியை வாங்கி வந்த சனிக்கிழமைக்கு அடுத்த நாள் நாங்கள் சுவர் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினோம். குளிர்கால நேரம் தொடங்கும் ஞாயிறு ஒக்டோபரில்தான் வரும். நினைவை நம்பாமல் நாட்காட்டியை நம்புகிறவன் நான். ஆகவே ஒக்டோபர்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் திங்களன்று மனைவி வேலை தொடங்க வேண்டியிருந்தது. முதியோர் இல்லம் ஒன்றில் அவள் பல வருடங்களாக, யாராவது வராத நாளில் மட்டும் கூப்பிடப்படுகிற ஆளாக இருந்தாள். விடியற்காலையில் தொலைபேசி அடித்தால் வேலை, அடிக்காவிட்டால் இல்லை. அந்த இலையுதிர்காலத்தில்தான் அவளுக்கு நிரந்தர இடம் கிடைத்தது. திங்களன்று போகாவிட்டால் அது வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். போனால் பிள்ளையோடு வீட்டில் நிற்கப்போவது நான். அப்பாமாருக்கென்று நோர்வே அரசாங்கம் ஒதுக்கிய விடுமுறை, எல்லோரும் ‘பப்பாபெர்ம்’ என்று சொல்வது, அந்தத் திங்களிலிருந்து எனக்குத் தொடங்கியது.

இதில் சிக்கல் இரண்டு. எங்கள் மகள் பகலில் ஒருவரின் உடம்போடு ஒட்டிக்கிடந்தால் மட்டுமே உறங்குவாள். கட்டிலில் கிடத்தினால் கண்ணைத் திறப்பாள். பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கிற நிலையத்திலிருந்த தாதி, “வண்டிலில் போட்டு பால்கனியில் விடுங்கள், குளிர்காற்றில் நன்றாகத் தூங்குவார்கள்” என்றார். நோர்வேப் பிள்ளைகள் பனிக்குள்ளும் அப்படித்தான் தூங்குகிறார்கள் என்பதை நான் பல வருடங்களாகக் கண்டுவருகிறேன். கண்டதால் நம்பிக்கை வந்துவிடாது. இருந்தும் ஒருநாள் செய்து பார்த்தோம். ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் எதிர்ப்பக்கத்து யன்னல்கள் ஒன்றொன்றாகத் திறக்குமளவுக்கு அவள் கத்தினாள்.

மற்றது என் வலது தோள். நாட்டின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் உறைந்த மீன்பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அது பழுதாகிவிட்டது. பிள்ளையைக் கொஞ்ச நேரம் தோளில் போட்டால் விரல்நுனிவரை விறைத்துவிடும். மனைவி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைப்பாள். எனக்கு வைக்க இடுப்பும் இல்லை.

ஆகவே பிள்ளை சுமக்கிற சாதனம் ஒன்றைத் தேடத் தொடங்கினேன். கடைகளில் இருந்தவை எல்லாம் முதுகுப்பை மாதிரி, கொளுவியும் பட்டியுமாக, பாரம் முழுவதையும் தோளில் ஏற்றுபவை. நீளத் துணியைக் குறுக்கே சுற்றிக் கட்டுகிற வகையும் இருந்தது. அதுவும் தோளில்தான். கணினியில் படித்துக்கொண்டே போனபோது கொரியாக்காரரின் பழைய முறை ஒன்று வந்தது. பஞ்சு வைத்துத் தைத்த அகலமான போர்வை, அதன் மேல்விளிம்பில் நீளமாக இரண்டு பட்டிகள், அவ்வளவுதான். பிள்ளையை முதுகில் வைத்துப் போர்வையால் மூடி, பட்டிகளை அக்குளுக்குக் கீழாக முன்னுக்குக் கொண்டுவந்து இறுக்குகிறார்கள். தோளில் ஒன்றும் இல்லை. பெயர் பொதேகி.

தோளில் ஒன்றும் இல்லை என்பதுதான் என்னை அதன் பக்கம் இழுத்தது. அதுவேதான் சந்தேகத்தையும் கிளப்பியது. ஒரு கொளுவி இல்லை, ஊசி இல்லை, ஒரு துண்டு இரும்பு இல்லை. தோளிலும் தொங்காத பிள்ளை பிறகு எதில் தொங்குகிறது? படங்களில் எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். பொருளை விற்கப் போடும் எந்தப் படத்தில்தான் யாராவது அழுகிறார்கள்? விளக்கப் படங்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் படத்திலிருந்து நான்காம் படத்துக்கு எப்படிப் போகிறார்கள் என்பது எந்தத் தளத்திலும் இல்லை. எதையோ மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

மனைவியின் தம்பி எங்கள் கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே இருந்தான். சாப்பாட்டு நேரம் பார்த்து இறங்கி வருவான். சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தான்.

“என்ன அத்தான் உது? குளிக்கப் போறியளோ?”

“கொரியாவிலை பிள்ளை சுமக்கிற துணி. பொதேகி எண்டு பேர்.”

“பொதேகியோ? உது பொதி அத்தான்! எங்கடை பொதி. கொரியாக்காரரும் அம்மா, அப்பா எண்டுதான் கூப்பிடுறவை, தெரியுமோ? எல்லாம் இஞ்சையிருந்து போனது.”

“எங்கையிருந்து? ஹவுகன்ஸ்டுவாவிலை இருந்தோ?”

“பகிடி விடாதேங்கோ. பொதிஞ்சு வைக்கிறது பொதி. பிள்ளையைப் பொதிஞ்சு வைச்சா பொதேகி. உதுக்கு மேலை என்ன அத்தாட்சி வேணும்?”

நான் கண்டதையெல்லாம் படிப்பவன். அதனாலேயே இந்த வகை உறவுகளை நம்புவதில்லை. “நோர்வேக்காரன் ‘நான்’ எண்டதுக்கு ‘யாய்’ எண்டு சொல்லுறான். பழைய தமிழிலை யாய் எண்டால் என்ரை தாய். அப்ப நோர்வேக்காரரும் எங்கடை ஆக்களோ?” என்றேன்.

அவன் சோற்றைப் பிசைந்தபடி கொஞ்சம் யோசித்தான். “ஏன், இருக்கேலாதோ?”

மனைவி தன் கவலையில் இருந்தாள். “அம்மா அப்பாவை விடுங்கோ. பிள்ளை விழாதோ? அதைச் சொல்லுங்கோ” என்றாள். நான் சுவரிலிருந்த மூன்றாம் படத்தைத் திரும்பவும் பார்த்தேன்.

பழைய பொருட்கள் விற்கிற இணையத்தளத்தில், கொரியாவின் சோல் நகரத்தில் வாங்கி ஒஸ்லோவில் பாவித்த பொதேகி ஒன்று விற்பனைக்கு இருந்தது. விற்றது ஒரு பெண். எங்கள் சாமான் கடைகள் இருக்கிற குறொன்லாண்டிலிருந்து மேலே ஏறுகிற தெரு ஒன்றில் வீடு. சனிக்கிழமை மச்சான் காரில் கூட்டிப் போனான். முதலில் குறொன்லாண்டில் அரிசி வாங்கினோம். கார் தூரத்தில் நின்றதால் பத்துக் கிலோச் சாக்கையும் தோளில் போட்டுக்கொண்டு அவன் என்னோடு படியேறினான்.

கதவைத் திறந்தவர் முப்பது வயதிருக்கும் பெண். கொரிய முகம். எங்களைப் பார்த்தார், பிறகு சாக்கைப் பார்த்தார். கதவுச் சங்கிலியைக் கழற்றவில்லை.

“யாருக்கு வேண்டும்?”

“எனக்கு” என்றேன்.

“உங்கள் மனைவி வரவில்லையா?”

“அவளுக்கு இல்லை. எனக்குத்தான். பப்பாபெர்ம்.”

“உங்களுக்கு முதல் வந்தவரும் பிள்ளைக்கு என்றுதான் சொன்னார். பிறகு பார்த்தால், காரில் நாய்க்கு விரிக்க.” சங்கிலிக்கு மேலால் என் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். “நாய் இருக்கிறதா?”

இல்லை என்று மச்சானும் சேர்ந்து சத்தியம் செய்த பிறகுதான் உள்ளே விட்டார். துணி கதிரையில் மடித்திருந்தது. கருநீலத்தில் சின்ன வெள்ளைப் பூக்கள். நான் தையலை ஒவ்வோர் அங்குலமாக இழுத்துப் பார்த்தேன். பட்டி போர்வையில் சேர்கிற இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரையொருவர் நம்பாத இரண்டு பேர் ஒரு துணியின் இரு பக்கத்திலும்.

மச்சான் சூழலை இலேசாக்க நினைத்தான் போலும். “உங்கள் மொழியிலும் அம்மா, அப்பா என்றுதானே சொல்வீர்கள்?” என்று நோர்வே மொழியில் கேட்டான்.

“எங்கள் வீட்டில் மம்மா, பப்பா.”

“இல்லை, உங்கள் சொந்த மொழியில்.”

“இதுதான் என் சொந்த மொழி.”

“சரி, ஆனால் உண்மையில் நீங்கள் எங்கே…”

நான் அவன் காலை மிதித்தேன். அந்த ‘உண்மையில்’ என்ற சொல்லை இந்த நாட்டில் எத்தனை பஸ் தரிப்பிடங்களில் நாங்கள் வாங்கியிருக்கிறோம். இன்று அதை எங்கள் வீட்டு ஆளே கொண்டுபோய் இன்னொருவர் தலையில் வைக்கிறான். அவருக்கு அது பழகியிருக்க வேண்டும். “துரொண்ட்ஹைமுக்கு வடக்கே ஒரு பண்ணை” என்றார். “கைக்குழந்தையாகத் தத்தெடுத்து வந்தார்கள். கொரியாவுக்கு ஒரு தடவைதான் போனேன். சந்தையில் இதை வாங்கினேன். கட்டும் முறையை அந்தக் கடைக்காரி காட்டினாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்கள் உண்மையில் எங்கே?”

“பாட்ஸ்பியோர்ட்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். கதவடியிலிருந்தே என் பேச்சைக் கவனித்திருக்கிறார். ஒஸ்லோவில் ‘யாய்’ என்று சொல்வதை வடக்கே ஆவுக்கும் ஏவுக்கும் இடைப்பட்ட ஒற்றை ஒலியாகச் சொல்வார்கள். நான் மொழி பழகியது மீன் வெட்டும் மேசையில். அவர் பழகியது பண்ணை வீட்டில். இரண்டு பேர் வாயிலும் அதே ஒலிதான் வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் மகிழ்ச்சியோடு கட்டிக் காட்டினார். சோபாவிலிருந்து தலையணை ஒன்றை எடுத்தார், முன்னுக்குக் குனிந்தார், முதுகில் வைத்தார், போர்வையை மேலே எறிந்தார். பட்டிகளை முன்னுக்கு இழுத்தார். மெல்லிய வீட்டுச் சட்டை அணிந்திருந்தார். பட்டி நெஞ்சுக்குக் குறுக்கே வந்த இடத்தில் என் பார்வை தானாக நிலத்துக்குப் போய்விட்டது. அவருடைய காலுறையில் சிவப்புக் கோடுகள் இருந்தன, அது இன்றும் நினைவிருக்கிறது. மச்சான் கூரையிலிருந்த விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“விளங்கியதா?”

“ஓ, ஓ, நன்றாக விளங்கியது” என்றோம் இருவரும்.

தலையணை அவர் முதுகில் அசையாமல் இருந்தது. அதை மட்டும் பார்த்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மச்சான் கத்தினான்: “அக்கா, சந்தேகத்துக்கிடமான பொதி ஒண்டு கொண்டந்திருக்கிறம்!”

அந்த வருடம் எந்தத் தமிழ் வானொலியைத் திருப்பினாலும் அந்தச் சொற்கள் வரும். கொழும்பில் பஸ்ஸில், புகையிரதத்தில், சந்தை வாசலில், சந்தேகத்துக்கிடமான பொதி ஒன்று. வீதியை மூடி, ஆட்களைத் தள்ளி, குண்டோ என்று யாரோ ஒருவர் மெல்ல அதை அவிழ்ப்பார். நாங்கள் இங்கே பாத்திரம் கழுவிக்கொண்டு அதைக் கேட்போம். மனைவி சிரிக்கவில்லை. “உந்தப் பகிடியை நிப்பாட்டு” என்றாள். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பொதேகி என்று சொல்லவில்லை.

பிள்ளையை வைக்க முன் அரிசிச் சாக்கை வைத்துப் பார்ப்பது என் யோசனை. குனிந்தேன். மச்சான் சாக்கை முதுகில் ஏற்றினான். போர்வையை மூடினேன். பட்டிகளை முன்னுக்குக் கொண்டுவந்து, வயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, இடுப்புக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். நிமிர்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. சமையலறையைச் சுற்றி ஒரு நடை நடந்தேன்.

“அத்தான், தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு ஆள் குறையுதாம்” என்றான் மச்சான்.

அவனுக்குப் பதில் சொல்லத் திரும்பியபோது முதுகில் ஏதோ மெல்ல இறங்குவது தெரிந்தது. சறுக்கலே இல்லை, மின்தூக்கி இறங்குகிற மாதிரி அவசரமில்லாமல் இறங்கியது. கையைப் பின்னால் கொண்டுபோக முதல் சாக்கு நிலத்தில் விழுந்து தையல் பிரிந்தது. அரிசி அடுப்புக்கு அடியிலும் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியிலும் ஓடியது. மகள் தன் உயரக் கதிரையிலிருந்து அதைப் பார்த்துக் கைதட்டினாள்.

வேறு யாரும் கைதட்டவில்லை. மனைவி தும்புத்தடியை எடுத்தாள், கூட்டவில்லை, பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அது பிள்ளையா இருந்தா?”

“சாக்குக்குக் கால் இல்லை. பிள்ளை எண்டால் காலைச் சுத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கும்” என்றேன். அதை நானே நம்பவில்லை.

“திங்கக்கிழமை காலமை நான் அங்கை ஆற்றையோ முதுகைக் கழுவிக்கொண்டு இதையே யோசிச்சுக்கொண்டு நிக்கேலாது. போன் பண்ணி எனக்கு அந்த இடம் வேண்டாம் எண்டு சொல்லுறன். முந்தி மாதிரியே அவை கூப்பிடுற நேரம் போறன்.”

“அவசரப்படாதையும். அந்த மனிசிதான் சரியாக் காட்டேல்லை. நாய்க்காரன் கேட்ட கோபத்திலை எங்களுக்குப் பிழையாக் காட்டியிருக்கவும் கூடும்.” அப்படித்தான் அப்போது உண்மையாகவே நினைத்தேன். அந்தச் சிரிப்பைக்கூடச் சந்தேகித்தேன். சோல் சந்தைக் கடைக்காரி அவரை ஏமாற்றியிருப்பாள், அவர் எங்களை ஏமாற்றியிருக்கிறார் என்று சங்கிலியாக யோசித்தேன்.

மனைவி தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். “அவ எங்கை கட்டினவ?”

“வீட்டிலைதான்.”

“அதில்லை. உடம்பிலை எந்த இடத்திலை முடிச்சுப் போட்டவ?”

நான் சிந்திய அரிசியைக் கையால் குவிக்கத் தொடங்கினேன்.

“பாக்கேல்லையோ?”

“எப்பிடிப் பாக்கிறது? அவ இப்பிடி… முன்னாலை கொண்டந்து…”

“டேய், நீ?”

“அக்கா, நான் லைற்றைப் பாத்துக்கொண்டு நிண்டனான்” என்றான் மச்சான்.

மனைவி தரையிலிருந்த அரிசியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். “அவவும் பாவம், நெஞ்சுக்கு மேலை கட்டிக் காட்டியிருக்கிறா. இவையள் ரெண்டு பேரும் மரியாதை பாத்துக் குனிஞ்சுகொண்டு நிண்டிட்டு, வந்து சாரம் கட்டுற மாதிரி இடுப்பிலை கட்டியிருக்கினம்!”

அவள் சொன்ன பிறகுதான் என் வயிற்றைக் குனிந்து பார்த்தேன். முடிச்சு தொப்புளுக்கு மேலே இருந்தது. துணியின் விளிம்பை வெளிப்பக்கமாக ஒரு மடிப்பு மடித்துச் செருகியும் இருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. பதினைந்து வயதிலிருந்து சாரம் கட்டிய கை, துணி என்று கண்டதும் தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது.

“தாங்கோ இஞ்சை” என்று அவள் துணியை வாங்கினாள். “உது குறுக்குக்கட்டு. கிணத்தடியிலை குளிக்கேக்கை நாங்கள் எல்லாரும் கட்டினதுதான். ஈரத்தோடை வாளி வாளியாத் தண்ணி அள்ளி ஊத்தினாலும் அவிழாது. இப்ப வடிவாப் பாருங்கோ. நான் உங்கடை மனிசிதான், பாக்கலாம்.”

மச்சான் தன் வீட்டில் அடுப்பை நிறுத்தினானோ தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மேலே போனான்.

அவள் சுவரிலிருந்த படங்களையும் பார்த்துப் பார்த்து, தலையணையை வைத்துக் கட்டிக் காட்டினாள். துணியின் மேல்விளிம்பு அக்குளுக்குள் ஏறி இருக்க வேண்டும். ஆம்பிளைகள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கட்டுவார்கள், மூச்சு விட்டதும் இறுக்கம் மாறும். மூச்சை வெளியே விட்டுவிட்டு இறுக்க வேண்டும். பட்டிகளை நெஞ்சுக்கு மேலே ஒருதரம் முறுக்கி, பின்னால் கொண்டுபோய்ப் பிள்ளையின் பிருட்டத்துக்குக் கீழே தாங்கல் கொடுத்து, திரும்ப முன்னுக்கு வந்து முடிச்சு. மூன்றாம் படத்துக்கும் நான்காம் படத்துக்கும் இடையில் விடுபட்டது அந்த முறுக்குத்தான். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் படமெடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பழகினோம். முதலில் கட்டிலுக்கு மேலே குனிந்து நின்று, மனைவி பின்னால் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நிற்க, மகளை ஏற்றினோம். அவள் என் காதைப் பிடித்துத் திருகினாள். கழுத்துக்குப் பின்னால் எதையோ கடித்தாள். விழவில்லை. நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தேன். மீசை வைத்த ஓர் ஆள் குறுக்குக்கட்டோடு நிற்கிறான், அவன் தோளுக்கு மேலால் ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கிறது. ஊர்ச்சனம் கண்டால் என்ன சொல்லும் என்று யோசித்தேன். பிறகு, அதில் அரைவாசிச் சனம் ஹவுகன்ஸ்டுவாவிலேயே இருக்கிறது, நாளைக்கே சொல்லிவிடும் என்று ஆறுதல் அடைந்தேன்.

முதுகில் கட்டுவதில் ஒரு குறை உண்டு, அது எந்தத் தளத்திலும் எழுதியிருக்கவில்லை. பிள்ளையின் முகம் தெரியாது. மூச்சு விடுகிறாளா, துணி மூக்கை மூடிவிட்டதா, ஒன்றும் தெரியாது. சந்தேகப் பிராணிக்குக் கண் இல்லாத பக்கத்தில் பிள்ளையைக் கட்டிவிட்டார்கள். மனைவியின் சின்னக் கைக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கள் காலை, மணிக்கூடு மாறியதை மகளுக்கு யாரும் சொல்லவில்லை. வழக்கத்தைவிட நேரத்தோடு எழும்பினாள். ஆகவே முதல் உறக்கம், மனைவி சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. கண்ணைக் கசக்கி அம்மாவின் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் குனிந்தேன். கட்டினேன். மூச்சை விட்டு இறுக்கினேன். முதுகில் அழுகை இன்னும் பெரிதாகியது.

“நீர் போம்” என்றேன்.

“நிண்டு பாத்திட்டு…”

“பஸ் போயிடும். போம்.”

கதவு மூடிக்கொண்டது. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தேன், முழங்காலை இலேசாக மடித்து மடித்து, மனைவி நடக்கிற மாதிரி. அழுகை விக்கலாகியது, விக்கல் முனகலாகியது. தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு கன்னம் வந்து படிந்தது. எடை கூடியது. உறங்கும் பிள்ளை விழித்த பிள்ளையைவிடப் பாரம் என்பதை அன்றுதான் அறிந்தேன். கண்ணாடியை எடுத்துத் தோளுக்கு மேலால் பிடித்தேன். கூரையும் என் காதும் தெரிந்தன.

கதவு மெல்லத் திறந்தது. அவள் போகவேயில்லை. அந்தப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சப்பாத்தோடே உள்ளே வந்தாள், அந்த வீட்டில் ஒருவரும் செய்யாத காரியம். என் பின்பக்கம் போய் நின்றாள். விளிம்பைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டாள். பட்டிக்குள் இரண்டு விரலை விட்டு இழுத்துப் பார்த்தாள்.

“நித்திரை” என்றாள் குரல் எழாமல்.

அதற்குப் பிறகு படியில் சத்தம் கேட்டது, ஓட்டமாக.

இடைவேளையில் தொலைபேசி எடுத்தாள்.

“பொதி என்ன செய்யுது?”

“மூச்சு விடுது. கழுத்திலை சூடாப் படுது.”

“நீங்கள்?”

“நிக்கிறன்.”

“அப்ப இருந்து நிக்கிறியளோ? கதிரையிலை முன்னுக்குத் தள்ளி இருக்கலாமே.”

“ஆர் சொன்னது? அந்த மனிசி இருந்து காட்டேல்லை.”

“காட்டியிருந்தாலும் நீங்கள் பாத்திருக்க மாட்டியள்.”

அவளுக்குப் பின்னால் எங்கோ மணி அடித்தது. யாரோ ஒரு முதியவர் அவளுடைய பெயரை, நோர்வேக்காரர் உச்சரிக்கிற விதத்தில், நீட்டிக் கூப்பிட்டார். “கூப்பிடினம், நான் போறன்” என்று வைத்துவிட்டாள்.

நான் முடிச்சை இன்னொருதரம் தொட்டுப் பார்த்தேன்.